உழைப்பு போதாது

அன்று ட்ரெட்மில்லில் ஏறியவளுக்கு அது மூன்றாவது சோதனை. கடைசிச் சோதனையும் அதுதான். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்குமேல் நெடுந்தூர ஓட்ட முகாமில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. முகாமில் காலியாக இருந்ததும் ஒரே ஓர் இடம்தான்.

எங்கள் பரிசோதனைக் கூடம் மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருக்கிறது. மேலே படிகள் இறங்குவதுபோலவே உள்ளே கூரையும் சரிந்து இறங்கும். போட்டி நாட்களில் கூட்டம் காலால் உதைத்தால் எங்கள் தலையில் சுண்ணாம்பு உதிரும். என் மேசை, கூரை மிகவும் தாழ்ந்த மூலையில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எழும்போதெல்லாம் இடித்துக்கொண்டேன். பிறகு குனிந்தபடியே எழப் பழகிவிட்டேன்.

"நீ எழுந்திருக்கறதே மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்குடீ" என்பார் அக்கா.

அக்கா கூடத்தின் மூத்த பணியாளர். மூச்சை அளக்கும் முகமூடியை மாட்டுவது, குழாயை இணைப்பது, ஓடுபவர் தடுமாறினால் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. வேகத்தை ஏற்றுவதும் எண்களைப் பதிவதும் என் வேலை. எண்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

அவள் முகமூடிக்குள் முகத்தைக் கொடுப்பதற்கு முன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ரத்தத்துலயே ஓட்டம் இருக்குங்கறாங்கக்கா. நான் தினம் முந்நூறு குப்பி ரத்தம் தூக்கறேன். எல்லாம் ஒரே சிவப்புதான்."

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுகளிலிருந்து ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வைத்து, கீழே இருக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை. லிஃப்ட் நோயாளிகளுக்கு. இவளுக்குப் படிக்கட்டு.

"ஸ்பிரிங்கு, வாயை மூடு. மாட்டப்போறேன்" என்றார் அக்கா.

"ஆறாவதா வர்ற ஸ்பிரிங்க எங்கயாவது பாத்திருக்கீங்களாக்கா?"

மைதானத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் கப்பல்காரர் வீட்டுப் பெண். மூன்று தலைமுறைக்கு முன் துறைமுக வேலைக்காகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களை ஊரில் அப்படிச் சொல்வார்கள். நல்ல கறுப்பு, சுருள் முடி. அவர்களைப் பற்றி ஊருக்கு எல்லாம் தெரியும். பிறக்கும்போதே காலில் வேகம் இருக்கும், பொறுமை இருக்காது. சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, சொன்னாலும் ஏறாது. ஆகவே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தால் கேள்வியே இல்லாமல் நூறு மீட்டரிலோ இருநூறு மீட்டரிலோ பெயர் எழுதிவிடுவார்கள். இவள் பதினான்கு வயதிலிருந்து இருநூறு மீட்டர். எல்லாப் போட்டியிலும் ஆறாவது அல்லது ஏழாவது. நீண்ட ஓட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் எங்கள் கூடத்தின் அறிக்கை வேண்டும். அறிக்கை இல்லாமல் அவளை ஒரு நீண்ட ஓட்டத்திலும் நிற்க விட்டதில்லை.

நான் பெல்ட்டை ஓட விட்டேன்.

நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தை ஏற்ற வேண்டும். பொதுவாகப் பத்தாவது நிமிடத்தில் காலடிச் சத்தம் கனக்கத் தொடங்கும். பதினொன்றில் தோள் ஏறும். பன்னிரண்டில் கை மேலே போகும், நிறுத்து என்று. பெல்ட்டின் சத்தத்தை மட்டும் கேட்டே நான் நிமிடத்தைச் சொல்லிவிடுவேன்.

அவளுக்குப் பன்னிரண்டாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தின் சத்தமே கேட்டது. சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தேன். பதின்மூன்று. வியர்வை முழங்கையிலிருந்து ஒழுங்கான இடைவெளியில் சொட்டியது. பதினான்கில் அக்கா பேசுவதை நிறுத்தினார். அது நடக்காத காரியம். பதினைந்தில் அவள் கண்கள் எதிர்ச் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே தீயணைப்பானைத் தவிர வேறு எதுவும் இல்லை. கை மேலே போகவில்லை. கால்தான் ஒரு கணம் பிசகியது. நான் பொத்தானை அழுத்துவதற்குள் அக்கா இடுப்பைப் பிடித்துவிட்டார்.

திரையில் அறுபது என்று நின்றது.

அறுபது என்றால், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு அறுபது மில்லி ஆக்சிஜனை அந்த உடல் எரித்திருக்கிறது. நான் படியேறி மூச்சு வாங்கி நிற்கும்போது என் உடல் எரிப்பது முப்பத்துச் சொச்சம்.

"அறுபதா? இந்த வருஷம் பொண்ணுங்கள்ல இதுதான் டாப்பு" என்று அக்கா அவள் முதுகில் தட்டினார்.

அறிக்கையை அச்சிடுவதற்கு முன் கணினி ஒரு கேள்வி கேட்கும். பிரிவு எது? நான்கு பிரிவுகள் இருக்கின்றன, பிறப்பின்படி. நான் கப்பல்காரர்களுக்கான மூன்றாம் பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எதிர்பார்ப்பு எண் உண்டு. அளந்த எண்ணை எதிர்பார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் என்று கணினி சொல்லும். முகாமுக்கு நூற்று நாற்பது வேண்டும்.

அறிக்கை வந்தது. அளந்தது அறுபது. எதிர்பார்ப்பு நாற்பத்தேழு. நூற்று இருபத்தெட்டு சதவீதம்.

கீழே, குறிப்பு என்ற கட்டத்தில் கணினியே ஒரு வரி அச்சிட்டிருந்தது. எண் பெரிதாகவும் சதவீதம் குறைவாகவும் இருந்தால் அது தானாக வரும் வரி.

'இயற்கைத் திறன் உண்டு. உழைப்பு போதாது.'

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே அதை வாசித்தாள். இரண்டு முறை வாசித்திருப்பாள். கோபப்படவில்லை. தன் பையைத் திறந்து நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"மேடம், போன தடவையும் இதேதான் வந்துது. அதுக்கு முன்னாடியும் இதேதான். நானும் ஏத்திக்கிட்டேதான் போறேன். எங்கயோ விட்டுடறேன் போல. எது கம்மின்னு இதுல சிவப்பு மைல வட்டம் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமைதானே தேர்வுக் குழு கூடுது? இந்த வாரம் முடிவு பண்ணாம தள்ளிவெச்சா, அதுக்குள்ள எதையாவது சரி பண்ணிக் காட்டறேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். முன்னறையில் அண்ணன் தொலைக்காட்சியில் ஓட்டப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பாரும்மா அவன் காலை! கப்பல்காரனுங்களுக்கு என்ன, பொறந்து விழுந்ததும் ஓடுவானுங்க. நம்ம பயலுக உயிரைக் குடுத்து உழைக்கணும்."

"ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு" என்றார் அம்மா. "இவளைப் பாரு, பொறந்தப்பவே அழாத கொழந்தை. நர்ஸ் ரெண்டு தட்டு தட்டினதுக்கப்பறம்தான் வாயைத் தொறந்தா. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்."

"யாராவது ரெண்டு தட்டு தட்டினா பேசுவாளோ?" என்று அண்ணன் சிரித்தான்.

நான் அறைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் எங்கள் முதல் அறிக்கையை மடித்து ஒட்டியிருந்தாள். அதில் எண் ஐம்பத்து நான்கு. அதற்கு அடுத்த நாளிலிருந்து நோட்டு தொடங்கியது. ஒரு நாளுக்கு ஒரு வரி. எழுந்ததும் நாடித்துடிப்பு. தூங்கிய நேரம். வேலையில் எத்தனை முறை மாடி ஏறினாள் என்பது. வேலைக்குப் பின் ஓடிய நிமிடங்கள். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். சில நாட்களில் அதில் ஒரு புள்ளி இருந்தது, பல நாட்களில் வெறுமை.

முதல் மாதம் நாளுக்கு நாற்பது நிமிடம் ஓடியிருந்தாள். எட்டாவது மாதம் எழுபது. அங்கே இரண்டாவது அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. ஐம்பத்தேழு. அதே வரி, உழைப்பு போதாது. அதற்கு அடுத்த நாளே ஓட்டம் எண்பத்தைந்து நிமிடமாகியிருந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குவதுபோல, அந்த வரியை நம்பி விழுங்கியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது மாடி. வேலை நேரத்தில் இருபத்திரண்டு முறை, இருபத்தைந்து முறை, ஒரு நாள் முப்பத்தொரு முறை. காய்ச்சல் என்று எழுதிய நாளில் பன்னிரண்டு. கீழே மன்னிப்புக் கேட்பதுபோல 'நாளை ஈடுகட்டுவது' என்று ஒரு குறிப்பு. மறுநாள் ஈடுகட்டியும் இருந்தாள்.

அறுநூற்றுப் பதினொரு நாட்கள். ஒரு வரிகூட விடுபடவில்லை.

நாடித்துடிப்பு இருந்த பத்தியை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தேன். முதல் நாள் அறுபத்திரண்டு. கடைசி நாள் நாற்பத்தொன்று. இடையில் எங்கும் தாவவில்லை. அறுபத்தொன்றில் பல வாரம், அறுபதில் பல வாரம் என்று ஒவ்வொன்றாக இறங்கியிருந்தது. நிமிடத்துக்கு இருபத்தொரு துடிப்பு குறைவு. ஒரு நாளைக்கு முப்பதாயிரம் துடிப்பு. அந்த முப்பதாயிரமும் தேவைப்படாத அளவுக்கு அவளுடைய இதயம் பெரிதாகியிருக்க வேண்டும், ஒரு முறை அழுத்தும்போதே முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளும்படி.

பாடப் புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒருத்தி படிக்கட்டில் ஏறி ஏறித் தன் இதயத்தைத் தானே கட்டிக்கொண்டதை அதுவரை பார்த்ததில்லை. என் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு.

சிவப்புப் பேனா மேசையில் திறந்தபடியே காய்ந்தது. ஒரு வட்டமும் போட முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை, மற்ற அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்துக்குப் போட்டியிட்ட இன்னொரு பெண்ணின் எண் ஐம்பத்தெட்டு. இவளைவிட இரண்டு குறைவு. ஆனால் முதல் பிரிவு. எதிர்பார்ப்பு நாற்பது. நூற்று நாற்பத்தைந்து சதவீதம், தேர்ச்சி. குறிப்பில் 'கடின உழைப்பாளி' என்று இருந்தது.

பன்னிரண்டு வருட அறிக்கைகளையும் கணினியில் தேடினேன். இருபது மாதத்தில் ஆறு ஏறியவர் வேறு யாரும் இல்லை. மூன்றாம் பிரிவிலிருந்து முகாமுக்குத் தேர்வானவரும் யாரும் இல்லை.

நாற்பது, நாற்பத்தேழு. இந்த ஏழு எங்கிருந்து வந்தது?

கூடத்தின் தலைவரை நாங்கள் சார் என்போம். தினமும் காலையில் வாயுக் குப்பிகளைத் திறந்து இயந்திரத்தை அவரே சரிபார்ப்பார். வேறு யாரையும் நம்பமாட்டார். அவர் மேசை முன்னால் போய் நின்றேன். நான் நிற்பதை அவர் கவனிக்கச் சற்று நேரமாயிற்று.

"என்னம்மா?"

"அந்த நாப்பத்தேழு எங்கேருந்து சார் வந்துது?"

"அட்டவணைல இருக்கு."

"அட்டவணைக்கு சார்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. முப்பது வருஷம் ஆச்சு. ஆளுங்களை அளந்து போட்டதுதான், சும்மா இல்ல. கார்டெல்லாம் பின்னாடி இரும்பு பீரோல கெடக்கும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், எந்திரம் தப்பா காட்டுதா?"

"எந்திரம் சரியா இருக்கு சார்."

பீரோவின் சாவி அக்காவிடம் இருந்தது. பூட்டைவிட அது அதிகமாகத் துருப்பிடித்திருந்தது. வியாழக்கிழமை உணவு இடைவேளையில் இருவரும் திறந்தோம். பழைய ரப்பர் முகமூடிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கு அடியில் நான்கு மரப்பெட்டிகள், நான்கு பிரிவுக்கும்.

முதல் பெட்டியில் நாற்பது அட்டைகள். பச்சை மையில் அழகான கையெழுத்து. வயது, எடை, தொழில், அளந்த எண். அளக்கப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். நான் தொழிலை மட்டும் வாசித்துக்கொண்டே போனேன். கல்லூரி மாணவர். கல்லூரி மாணவர். வங்கி எழுத்தர். மாணவர். ஆசிரியர். எழுத்தர். சராசரி நாற்பத்தாறு. பெண்களை யாரும் அளக்கவில்லை. ஆண்கள் எண்ணில் நூற்றுக்கு எண்பத்தேழு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் நாற்பது.

மூன்றாவது பெட்டி இலேசாக இருந்தது. பதினொரு அட்டைகள்.

முதல் அட்டையை வாசித்தேன். அடுத்ததை வாசித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடீ, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

அட்டைகளை அக்காவிடம் கொடுத்தேன். அவர் உரக்க வாசித்தார்.

"சுமை தூக்குபவர், துறைமுகம், பதினாலு வருஷம். சுமை தூக்குபவர், இருபத்தியொரு வருஷம். சுமை தூக்குபவர்..." அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "எல்லாரும் மூட்டை தூக்கறவங்களாடீ?"

எல்லாரும். துறைமுகத்தின் ஒரே வாயிற்கதவில், ஒரே வாரத்தில் பிடித்து அளந்திருந்தார்கள். எழுதியவர் கவனமான மனிதர். ஓரத்தில் எல்லாம் குறித்திருந்தார். 'நாளொன்றுக்குச் சுமார் முந்நூறு மூட்டை.' 'காலணி இன்றி ஓடினார்.' 'சோதனை முடிந்ததும் வேலைக்குத் திரும்பினார்.' சராசரி ஐம்பத்து நான்கு. அதில் நூற்றுக்கு எண்பத்தேழு, நாற்பத்தேழு.

அட்டைகளில் மை மங்கவே இல்லை. இருபத்தொரு வருடம் மூட்டை சுமந்த ஒரு மனிதர் காலையில் வெறுங்காலோடு ஓடி, ஐம்பத்தெட்டு என்ற எண்ணை இந்தக் கூடத்தில் விட்டுவிட்டு, மறுபடி மூட்டை தூக்கப் போயிருக்கிறார். அது எவ்வளவு பெரிய எண் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த எண்ணில் பிறப்பு எவ்வளவு, மூட்டை எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. எங்கள் அட்டவணை பிரிக்க முயலவும் இல்லை. மொத்தத்தையும் பிறப்பு என்று எழுதிக்கொண்டது. வங்கி எழுத்தர்கள் பிறக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை.

அந்தப் பதினொரு பேரின் முதுகையும் சேர்த்துக் கடந்தால்தான் உழைத்ததாகக் கணக்கு என்று இத்தனை வருடம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

சாரிடம் அட்டைகளை வைத்தேன். நின்றபடி வாசிக்கத் தொடங்கியவர் ஐந்தாவது அட்டையில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அதைத் துடைத்தார்.

"டைப் அடிச்ச தாள்தான் என் கைக்கு வந்துது. அதுலேருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். இந்தப் பெட்டியை நான் தொறக்கவே இல்ல."

நான் அட்டைகளை வரிசையாக அடுக்கினேன்.

"தினம் காலைல எந்திரத்தை சரி பாக்கறேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு குழு. நீயே சொல்லிடும்மா."

"நானா சார்?"

"நான் சொன்னா, பன்னெண்டு வருஷமா கையெழுத்துப் போட்டியே, தூங்கினியான்னு கேப்பாங்க. கேக்கட்டும், அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா முதல்ல விஷயம் அவங்க காதுல விழணும். கண்டுபிடிச்சவ நீ."

"இவ சொல்லி அவங்க காதுல விழணும்னா, காதை இவ வாய்கிட்ட கொண்டுவந்து வெக்கணும் சார்" என்றார் அக்கா. ஆனால் என் தோளில் கை வைத்திருந்தார்.

அன்று மாலை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பதினொரு அட்டைகளையும் உரக்க வாசித்துப் பழகினேன். முதல் தடவை மூன்றாவது அட்டையில் குரல் நின்றுபோனது. நாற்பத்தொன்று என்ற அந்த நாடித்துடிப்பை நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரே நாளில் வந்ததல்ல. நான்காவது தடவை ஆறாவது அட்டை வரை போனேன். ஒன்பதாவது தடவை பதினொன்றையும் முடித்தபோது அம்மா கதவைத் தட்டினார்.

"உள்ள யாருடீ பேசறது?"

"நான்தாம்மா."

"நீயா?"

அம்மாவின் காலடி இரண்டடி போய்த் திரும்பி வந்தது. பிறகு, "சரி, பேசு. தண்ணியை மட்டும் மூடிட்டுப் பேசு" என்றார்.

தேர்வுக் குழு மைதானத்தின் மேல்மாடியில் கூடியது. நீள மேசையின் தலையில் குழுத் தலைவி, ஒரு காலத்தில் உயரம் தாண்டியவர். பக்கத்தில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர், எல்லாரும் கோச் என்பார்கள். சார் என்னைக் காட்டி, "இவங்க ஒரு விஷயம் சொல்லணும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். தாழ்ந்த கூரை இல்லாத இடத்திலும் குனிந்தபடியே எழுந்தேன்.

வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். நேராக அட்டைகளை வாசித்தேன்.

"சுமை தூக்குபவர், துறைமுகம், பதினான்கு ஆண்டுகள், ஐம்பத்து மூன்று. சுமை தூக்குபவர், இருபத்தொரு ஆண்டுகள், காலணி இன்றி ஓடினார், ஐம்பத்தெட்டு..."

"என்னம்மா இது, மூட்டைக் கதை?" என்றார் கோச்.

நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். நிறுத்தவில்லை. பதினொன்றாவது அட்டை முடிந்ததும், "இவங்கதான் மூணாவது பிரிவு. முதல் பிரிவு மாணவர்கள், எழுத்தர்கள். இந்த ரெண்டு கூட்டத்தையும் வெச்சு, வித்தியாசத்தை ரத்தம்னு போட்டிருக்கோம்" என்றேன். அவ்வளவுதான் பழகியிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

தலைவி அட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்போ கப்பல்காரங்களுக்கு இயற்கையா எதுவும் இல்லேங்கறியா?" என்று கேட்டார் கோச். "பதினேழு வருஷமா கண்ணால பாக்கறேன்மா நான்."

இதற்குப் பழகவில்லை. "எனக்குத் தெரியாது சார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கார்டுல அது இல்ல. இதுல இருக்கறது மூட்டை."

தலைவி அட்டை ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பிரிவு வேண்டாம். அளந்த எண்ணை மட்டும் சொல்லும்மா. யார் மேல இருக்கா?"

"அறுபது. அடுத்து அம்பத்தெட்டு. அப்பறம் அம்பத்தஞ்சு."

"அறுபது யாரு?"

சொன்னேன்.

"அந்த ஸ்பிரிங்கா?" என்றார் கோச். "இருநூறு மீட்டர்ல தேறாத பொண்ணு."

நான் நீல நோட்டை மேசையில் அவர் பக்கம் தள்ளினேன். அவர் அலட்சியமாகத்தான் புரட்டத் தொடங்கினார். பத்துப் பக்கம் போனதும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டுத் திரும்பியபோதும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் போலவே அவரும் நாடித்துடிப்புப் பத்தியில் விரலை வைத்து, மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு?"

"யாரும் இல்ல சார். நம்ம அறிக்கைல உழைப்பு போதாதுன்னு வந்துது. அதை நம்பிட்டாங்க."

அவர் நோட்டை மூடினார். மூடிய அட்டைமேல் கை சற்று நேரம் இருந்தது.

"திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்கு முகாமுக்கு வரச் சொல்லுங்க" என்றார் தலைவியிடம். எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பி, "உழைப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அடியில ரத்தம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்.

அட்டவணையைத் திருத்தும் வரை பிரிவுக் கட்டத்தையும் குறிப்புக் கட்டத்தையும் காலியாக விடும்படி தலைவி எழுதிக் கையெழுத்திட்டார். பழைய மூன்றாம் பிரிவு அறிக்கைகள் எத்தனை என்று கேட்டார். சார் எழுந்து நின்று, எண்ணிக்கையைச் சொன்னார். இருநூற்றுப் பதினாறு. நேற்று மாலை எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

மதியம் வேலை முடிந்து அவள் நேராகக் கூடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே இருந்தாள். வாசலில் நின்று முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"போட்டுட்டீங்களா மேடம்?"

நோட்டைக் கொடுத்தேன். அவள் பக்கங்களைப் புரட்டினாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கி.

"வட்டமே இல்லையே?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"தப்பு உங்க நோட்டுல இல்லங்க. எங்க அட்டவணைல இருந்துது." பிறகு பெட்டி, பதினொரு அட்டை, நாற்பத்தேழு, காலையில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அக்காவே கேட்டதில்லை. முகமூடியைக் கழுவுவதுபோலப் பக்கத்திலேயே நின்றிருந்தார். "திங்கக்கிழமை அஞ்சரைக்கு முகாம். இடம் உங்களுக்குத்தான். உங்களைக் கேக்காம நோட்டை அவங்ககிட்ட காட்டிட்டேன். அதுக்கு மன்னிச்சுக்கோங்க."

அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க தாத்தா அந்த கேட்டுலதான் மூட்டை தூக்கினாரு. அந்தப் பதினொரு பேர்ல இருந்தாரோ என்னமோ. மூட்டை இல்லாம ஓடச் சொன்னா அவங்களுக்கு லீவு விட்ட மாதிரி இருந்திருக்கும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ முதல் தடவையே அது பொய்யா?"

"முதல் தடவை அம்பத்தி நாலு. முதல் பிரிவோட நாப்பதை வெச்சுப் பாத்தாலும் கொஞ்சம் கம்மிதான். ரெண்டாவது தடவையே தேறியிருப்பீங்க. ஒரு வருஷம் முன்னாடி."

"ஒரு வருஷம்" என்றாள்.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு விதத்துல பாத்தா, போதாது போதாதுன்னு சொன்னதுனாலதானேடீ நீ அறுபதுக்கு வந்தே?"

நானும் அதை நினைத்திருந்தேன். நினைத்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பினாள். வரியின் கடைசியில் இருந்த சின்னக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் புள்ளி எதுக்குன்னு பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். நூத்தி நாப்பத்திமூணு இருக்கு. கால் வலிச்ச நாளோன்னு நெனச்சேன்."

"அழுத நாள்." அவள் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் கோபமில்லாமல். "நல்லா ஓடறேன்னு சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பேன்க்கா. இதே அளவு ஓடியிருப்பேன். அழாம ஓடியிருப்பேன்."

அக்கா கையிலிருந்த முகமூடியைக் கீழே வைத்தார். மேலே படிகளில் யாரோ ஏறிப் போனார்கள். கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு அவள் தோளில் உதிர்ந்தது. அக்கா போய் அதைத் தட்டிவிட்டார். கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு வரைக்கும் போகும் மேடம்?" என்று என்னிடம் கேட்டாள். "எனக்கு எவ்வளவுன்னு ஒரு கணக்கு இருக்குமில்ல?"

வழக்கமாக இதற்கு அட்டவணையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வோம்.

"தெரியாதுங்க" என்றேன். "நாங்க யாருமே இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவள் தலையசைத்தாள். அது அவளுக்குப் பிடித்த பதில்போல இருந்தது. என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அன்றைய வரியை எழுத முயன்றாள். மை காய்ந்திருந்தது. நான் என் நீலப் பேனாவைக் கொடுத்தேன். நோட்டு என்னிடம் இருந்த நாட்களின் வரிகளைப் பையிலிருந்த ஒரு சீட்டைப் பார்த்து எழுதிவிட்டு அன்றைய வரிக்கு வந்தாள். நாற்பத்தொன்று, ஆறரை மணி நேரம், இருபத்து நான்கு முறை. ஓட்டம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டாள்.

"இன்னும் ஓடல" என்றாள்.

சீருடையின்மேல் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். கதவு வழியாக வெளியே போய், எங்கள் தலைக்குமேல் இருக்கும் படிகளில் ஏறத் தொடங்கினாள். நானும் அக்காவும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மேலே போய், திரும்பி இறங்கி, மறுபடி மேலே. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்து நிமிடத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. எத்தனையாவது முறை ஏறினாலும் அது முதல் முறை ஏறுவதுபோலவே கேட்டது.